கடைசி ஆட்டத்துக்கு முந்திய நாள்

என் மகள் விழுந்ததை அந்த அரங்கில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். அவள் எழும்பிய விதத்தைப் பார்த்தது நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

ஐஸ் ஹொக்கி பார்க்க வருகிறவர்களின் கண் பக்கின் பின்னால்தான் ஓடும். பக் என்பது உள்ளங்கைக்குள் அடங்குகிற கறுப்பு ரப்பர் வட்டு. அது போகிற வேகத்துக்கு என் கண் ஒருநாளும் ஈடுகொடுத்ததில்லை. ஆகவே மகள் சின்னப் பிள்ளையாக ஆடத் தொடங்கிய காலத்திலேயே பக்கைக் கைவிட்டுவிட்டு மகளை மட்டும் பார்க்கப் பழகிக்கொண்டேன். கோல் விழுந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் கத்துவதை வைத்துத்தான் எனக்குத் தெரியவரும்.

அன்று நான்காவது ஆட்டம். அவள் பின்வரிசைக்காரி, கோலுக்கு முன்னால் நின்று மறிக்கிறவள். மூலைக்குள் போன பக்கை எடுக்க ஓடினாள். எதிரணிப் பெண் ஒருத்தியும் பின்னாலேயே ஓடினாள். இரண்டு பேரும் கால் தடக்கிச் சேர்ந்து விழுந்தார்கள். மகளின் ஹெல்மெட் பக்கப் பலகையில் மோதிய சத்தம் மேலே இருந்த எனக்குக் கேட்டது. நடுவர் ஊதவில்லை. பக் எங்கள் ஆள் ஒருத்தியிடம் போய்விட்டது; அவள் அதைக் கொண்டு மற்றப் பக்கம் பாய, அரங்கு முழுவதும் எழுந்து அந்தப் பக்கம் திரும்பியது.

மகள் முதலில் முழங்காலில் நின்றாள். பிறகு எழும்பிச் சறுக்கத் தொடங்கினாள். இரண்டு அணிகளின் பெஞ்சுகளும் ஒரே பக்கத்தில், நடுவில் ஒரு சின்ன இடைவெளியோடு இருந்தன. அவள் எதிரணியின் பெஞ்சுக்குப் போனாள். அதன் கதவுக்குக் கிட்ட வந்து நின்று, அங்கே இருந்தவர்களைப் பார்த்தாள். வேறொருவருடைய வீட்டுக்குள் நுழைந்துவிட்டவளைப்போல நின்றாள். ஒருத்தி கையால் மற்றப் பெஞ்சைக் காட்டினாள். அந்தக் கணத்தில் எங்கள் அணி கோல் போட்டது. அரங்கு அதிர்ந்தது. மகளும் திரும்பிப் போய் மற்றவர்களைக் கட்டிப்பிடித்தாள்.

நான் கைதட்டவில்லை. என் கைகள் மடியில் இருந்தன.

அது உலகின் பெரிய அணிகள் ஆடுகிற போட்டி இல்லை. அதற்குக் கீழே உள்ள பிரிவு. ஆறு நாடுகளின் பெண்கள் அணிகள் ஒரு கிழமைக்கு மேல் ஒரே அரங்கில் ஆளுக்கு ஆள் மோதுவார்கள். முதலாவதாக வருகிற அணி மேல் பிரிவுக்கு ஏறும், கடைசி அணி இன்னும் கீழே இறங்கும். ஆடுகிறவர்களில் ரீச்சர்மார் இருந்தார்கள், தாதிமார் இருந்தார்கள், பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகள் இருந்தார்கள். ஓர் அணியின் கோல்காப்பாளர் பேக்கரியில் வேலை செய்கிறவள், ஆண்டு லீவு முழுவதையும் இதற்கே எடுத்துக்கொண்டு வந்தவள் என்று சொன்னார்கள். பார்வையாளர்கள் எங்களைப் போன்ற தாய் தகப்பன்மாரும், பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்த பிள்ளைகளும்தான். கோப்பியும் சொசேஜும் விற்றதும் ஆட்டக்காரிகளின் பெற்றோர்தான். இந்த முறை போட்டி டென்மார்க்கில், யூலாந்துப் பகுதியின் ஒரு சின்ன நகரத்தில் நடந்தது. சொந்த மண்ணில் ஏறிவிடவேண்டும் என்பது அணியின் ஆசை. நான்கு ஆட்டங்கள் முடிந்தபோது ஒன்றே மிச்சம் இருந்தது. அதை வென்றால் மேலே.

மகளுக்கு அப்போது பத்தொன்பது வயது. அதற்கு முந்திய வருடம் அணித் தெரிவின் கடைசி நாளில் அவளைக் கழித்துவிட்டிருந்தார்கள். அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அவள் இருந்த அந்த நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன. இந்த வருடம் சேர்த்துக்கொண்டதோடு, போட்டி தொடங்கிய பிறகு ஆட்டத்தைத் தொடங்குகிற முதல் ஐவரில் ஒருத்தியாகவும் இறக்கினார்கள்.

எங்கள் வீடு ஒடென்சே நகரத்தில். நான் ஜன்னல் செய்கிற தொழிற்சாலையில் வேலை. மனைவி முதியோர் இல்லத்தில். அவளுக்கு அந்தக் கிழமை லீவு கிடைக்கவில்லை. கடைசி ஆட்டத்துக்கு மட்டும் வருவதாக ஏற்பாடு. நான் கிரின்ஸ்டெட்டில் மனைவியின் தம்பி வீட்டில் தங்கி, அங்கிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் காரில் போய்வந்தேன்.

ஆட்டம் முடிந்து மகள் வெளி மண்டபத்துக்கு வந்தாள். தலைமயிர் ஈரம். முகமெல்லாம் சிரிப்பு.

"தலை எப்பிடிப் பிள்ளை?" என்று கேட்டேன்.

"என்ன தலை?"

"பலகையிலை அடிபட்டதே."

"ஹெல்மெட் போட்டிருக்கிறன்தானே அப்பா."

"எழும்பி மற்ற ஆக்களின்ரை பெஞ்சுக்குப் போனனீ."

சிரிப்பு நின்றது. சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். பிறகு டெனிஷில், வேகமாக, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அவளுக்குக் கோபமோ பயமோ வந்தால் தமிழ் போய்விடும். "யாரிடமும் சொல்லாதீர்கள். ஒன்றும் இல்லை. களைப்பு, அவ்வளவுதான். தலையில் அடி என்று அணியின் டொக்டர் காதில் விழுந்தாலே என்னை நிறுத்திவிடுவார்கள். கடைசி ஆட்டம் எனக்கு இல்லை. விளங்குகிறதா?"

யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். என் கையை ஒருமுறை இறுக்கிப் பிடித்துவிட்டு ஓடிப்போனாள்.

கிரின்ஸ்டெட்டுக்குத் திரும்பியபோது மச்சான் நல்ல சந்தோசத்தில் இருந்தான். வேலைத்தலத்திலும் கோயிலிலும் சொல்லி, கடைசி ஆட்டத்துக்கு இரண்டு வான் நிறைய ஆட்களைச் சேர்த்துவிட்டிருந்தான். நாட்டு அணியில் ஆடுகிற தமிழ்ப் பெட்டை. இந்த விளையாட்டு ஏன் ஒரு பொம்பிளைப் பிள்ளைக்கு என்று முன்பு கேட்டவர்களும் வருகிறார்களாம். நான் நடந்ததைச் சொன்னேன்.

அவன் என் பக்கத்தில் வந்து இருந்தான். "அத்தான், அவள் சின்னப் பிள்ளையில்லை. தனக்கு ஒண்டுமில்லை எண்டு அவளே சொல்லுறாள். நீங்கள் போய்ச் சொல்லி, பேந்து உண்மையிலையே ஒண்டுமில்லை எண்டால்? அவள் உங்களை மன்னிப்பாளோ?"

"உண்மையிலையே இருந்தால்?"

அவன் எழும்பிச் சட்டியைத் திறந்தான். சோற்றைப் போட்டுத் தந்தான்.

மனைவியைத் தொலைபேசியில் அழைத்தேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, "முதல்லை அவளையே சொல்லவையுங்கோ" என்றாள். "நீங்களாப் போய்ச் சொன்னா எங்களோடை கதைக்கமாட்டாள். நாளைக்கு ஓய்வுநாள்தானே. அவளோடை கொஞ்சநேரம் நில்லுங்கோ. கேட்டதையே திருப்பிக் கேக்கிறாளோ, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிறாளோ எண்டு பாருங்கோ. எங்கடை இல்லத்திலை ஆரும் விழுந்தா நாங்கள் அதைத்தான் பாக்கிறது."

"பாத்து?"

"பாத்திட்டு எனக்குப் போன் எடுங்கோ."

மறுநாள் பின்னேரம் மகள் அணி தங்கியிருந்த ஹோட்டலிலிருந்து இறங்கி வந்தாள். ஏப்ரல் மாதம், வானம் மூடிக்கிடந்தது, காற்று முகத்தில் அறைந்தது. அவள் வெயில் கண்ணாடி போட்டிருந்தாள். கடைத்தெருவால் நடந்து ஒரு பேக்கரிக்குப் போனோம். அவளுக்குப் பிடித்த கறுவாப் பண் வாங்கிக் கொடுத்தேன். கையில் வைத்துக்கொண்டிருந்தாள், கடிக்கவில்லை.

"அம்மா எப்ப வாறா?" என்று கேட்டாள்.

"நாளைக்குக் காலமை ரெயினிலை. மாமா ஸ்டேசனிலை போய் ஏத்துவார்."

"அவ சிவப்பு ஜாக்கெட் போட்டு வரட்டும். அப்பத்தான் எனக்குத் தெரியும்."

"சொல்லுறன்."

எதிரணியைப் பற்றிப் பேசினாள். அவர்களின் முன்வரிசையில் ஒரு நெட்டைப் பெண் இருக்கிறாளாம், இடது பக்கத்தால் வருகிறவள், அவளை மறிப்பது தன்னுடைய வேலையாம். பேசும்போது சொல்லுக்காக இடையிடையே நின்றாள். டெனிஷிலும் நின்றாள், அதைத்தான் நான் கவனித்தேன். தமிழில் அவள் சொல் தேடுவது வழமை. டெனிஷில் ஒருநாளும் தேடியதில்லை.

தேவாலயத்தைத் தாண்டி வந்தோம்.

"அம்மா எப்ப வாறா?" என்றாள்.

அவளுடைய முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை அப்போதுதான் முதல்தரம் கேட்கிற முகம்.

"பிள்ளை, இப்பத்தான் கேட்டனீ."

"எப்ப?"

"பேக்கரி வாசல்லை. நான் சொன்னனான். நீ சிவப்பு ஜாக்கெட் எண்டு சொன்னனீ."

நின்றுவிட்டாள். கண்ணாடிக்குப் பின்னால் கண் தெரியவில்லை.

"மறந்துபோச்சு. எனக்கு நாளைக்கு மாச். மண்டைக்குள்ளை ஆயிரம் விசயம்."

"நீ போய் டொக்டரிட்டைச் சொல்லு. நான் உன்னோடை வாறன்."

"இல்லை."

"அப்ப நான் சொல்லுவன்."

அதற்குப் பிறகு எல்லாம் டெனிஷில்தான் வந்தது. சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "நீங்கள் என் அப்பா, டொக்டர் இல்லை. எனக்குப் பத்தொன்பது வயது. இது என் உடம்பு. உங்களுக்குப் பக் எங்கே போகிறது என்றே தெரியாது, நான் எத்தனை தரம் விழுந்து எழும்பியிருக்கிறேன் என்று உங்களுக்கு என்ன தெரியும்? போன வருடம் நான் எப்படி இருந்தேன் என்று பார்த்தீர்கள்தானே? நீங்கள் போய்ச் சொன்னால் நான் இனி வீட்டுக்கு வரமாட்டேன். உண்மையாகத்தான் சொல்கிறேன்."

கறுவாப் பண்ணை என் கையில் திணித்துவிட்டு நடந்தாள். நான் பின்னால் போகவில்லை. ஹோட்டல் இருந்த தெருவில் வீட்டு வேலிகள் வரிசையாக இருந்தன. அவள் ஒவ்வொரு வேலியிலும் விரல் நுனி படும்படி கையை வைத்துக்கொண்டு போனாள், இருட்டில் நடக்கிறவர்கள் சுவரைத் தொட்டுக்கொண்டு நடப்பதுபோல.

காரில் போய் இருந்து மனைவிக்குச் சொன்னேன். அவள் வேலையில் நின்றாள், பின்னால் யாரோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது. "பொழுதுபடும்வரைக்கும் அவளுக்கு நேரம் குடுங்கோ" என்றாள். "அவள் சொல்லாட்டில் நீங்கள் சொல்லத்தான் வேணும். நான் போன் அடிச்சு அவளோடை கதைச்சுப் பாக்கிறன்." மகள் தாயின் அழைப்பை எடுக்கவில்லை.

பொழுதுபடுகிற நேரம் என் தொலைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. டெனிஷில் இப்படி இருந்தது: சொல்லிவிட்டேன். சோதித்துப் பார்த்தார்கள். எல்லாம் சரி. நாளைக்கு ஆடுகிறேன். கோபப்பட்டதற்கு மன்னியுங்கள்.

எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. மச்சானுக்குக் காட்டினேன், அவன் என் முதுகில் தட்டினான். மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் இன்னொருமுறை வாசிக்கச் சொன்னாள்.

"அவ்வளவுதானோ எழுதினவள்?"

"ஓம். ஏன்?"

"ஒண்டுமில்லை. நான் நாளைக்கு வந்து பாக்கிறன்."

நான் அந்தச் செய்தியை நம்பினேன். சாப்பிட்டேன், நித்திரையும் கொண்டேன்.

மறுநாள் இரண்டு வான்களும் வந்து அரங்கின் முன்னால் நின்றன. சின்னப் பிள்ளைகள் கன்னத்தில் டென்மார்க் கொடி வரைந்துகொண்டு குதித்தார்கள். ஒருவர் மேளத்தைப்போல அடிக்க ஒரு பிளாஸ்டிக் வாளி கொண்டுவந்திருந்தார். மனைவியை ஏற்றிவரப் போன மச்சான் இன்னும் வந்து சேரவில்லை. நான் எல்லோருக்கும் நுழைவுச்சீட்டு எடுத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

மண்டபத்தில் அணியின் பொறுப்பாளர் நின்றார். உயரமான டெனிஷ் பெண்மணி. பெற்றோர் எல்லோரையும் முகம் பார்த்துப் பேசுகிறவர். என்னைக் கண்டதும் கைகொடுத்தார். நான் சொல்ல நினைத்ததைச் சொன்னேன்:

"நேற்று மகளைச் சோதித்துப் பார்த்ததற்கு நன்றி. எங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது."

"எதைச் சோதித்தது?" என்று கேட்டார்.

அவர் முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது. உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது.

அப்போது நான் தப்பித்திருக்கலாம். இந்த நாட்டில் என் தலைமயிர் நரைத்துவிட்டது, ஆனாலும் என் டெனிஷ் இன்றைக்கும் நொண்டும். 'மன்னிக்கவேண்டும், பிழையாகச் சொல்லிவிட்டேன்' என்று சிரித்துக்கொண்டு அப்பால் போயிருந்தால் அவர் அதை நம்பியிருப்பார். டெனிஷ்காரர் அப்படி என்னை எத்தனையோ தரம் மன்னித்திருக்கிறார்கள்.

அவருக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக் கதவு. அதற்கப்பால் நடையில் பெண்கள் வட்டமாக நின்று உடம்பைச் சூடாக்க ஒரு கால்பந்தை ஆளுக்காள் உதைத்துக்கொண்டிருந்தார்கள். மகளும் நின்றாள். பந்து அவளிடம் வந்தது, அவள் கால் அதைத் தொடவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே பந்தை எடுக்கத் திரும்பியவள் என்னைக் கண்டாள். நான் யாரோடு நிற்கிறேன் என்று கண்டாள். சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. தலையை மெதுவாக, மிக மெதுவாக, இல்லை என்று ஆட்டினாள்.

பொறுப்பாளர் காத்துக்கொண்டிருந்தார்.

நான் சொன்னேன். பலகையில் அடிபட்டது, மற்றப் பெஞ்சுக்குப் போனது, கேட்டதையே திருப்பிக் கேட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது மகளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தேன். அவர் என் தோளில் கையை வைத்து, "இங்கேயே நில்லுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். நான் நிமிர்ந்து பார்த்தபோது மகள் அங்கே இல்லை. பந்து மட்டும் சுவரோரம் உருண்டுகொண்டிருந்தது.

மனைவி வந்தாள். சிவப்பு ஜாக்கெட் போட்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். என்னை ஒட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். உள்ளே ஏதோ ஒரு அறையில் டொக்டர் மகளைக் கண்ணை மூடி ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னாராம், ஐந்து சொல்லைச் சொல்லி அவற்றைத் திருப்பிச் சொல்லச் சொன்னாராம். இதெல்லாம் பிறகு கேள்விப்பட்டது. அப்போது எங்களுக்குத் தெரிந்தது ஒரு மூடிய கதவு மட்டும்தான்.

பொறுப்பாளர் திரும்பி வந்தார். "இன்றைக்கு அவள் ஆடமாட்டாள்" என்றார். "நீங்கள் சொன்னது நல்லது." அவர் முகம் வெளிறியிருந்தது. ஆட்டம் தொடங்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது, முதல் ஐவரில் ஒருத்தி இல்லை. ஆனாலும் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வானில் வந்தவர்கள் ஒரு பகுதியை நிறைத்து இருந்தார்கள். பெண்கள் ஐசில் இறங்கியபோது எல்லோரும் எழும்பி மகளின் இலக்கத்தைத் தேடினார்கள். வாளி கொண்டுவந்தவர் அடிக்கத் தயாராக நின்றார்.

"அத்தான், பிள்ளை எங்கை?" என்றான் மச்சான்.

"இண்டைக்கு ஆடேல்லை."

"ஏன்?"

"தலையிலை அடி. டொக்டர் மறிச்சிட்டார்."

அவன் என்னைப் பார்த்தான். யார் சொன்னது என்று அவனுக்கு விளங்கிவிட்டது. பின்னாலிருந்து ஒரு பெண்குரல், "இதுக்கே நாங்கள் இவ்வளவு தூரம் வந்தது?" என்றது. இன்னொருவர், "உந்த விளையாட்டிலை விட்டதே பிழை" என்று தொடங்கினார். மச்சான் திரும்பினான்.

"மாச் பாக்கத்தானே வந்தனாங்கள்? டென்மார்க் ஆடுது. அவளின்ரை அணி. வாளியை அடியுங்கோ, பாப்பம்."

இரண்டு நாளைக்கு முன் சொல்லவேண்டாம் என்றவன் அவன்தான். வாளிச் சத்தம் எழும்பியது.

அன்றைக்குத்தான் நான் முதல்முதலாகப் பக்கைக் கண்டேன். பார்க்க மகள் இல்லை, கண் அதன் பின்னால் போனது. அது எவ்வளவு அழகாக ஓடுகிறது என்பதைப் பார்த்துவிட்டு எனக்கு ஏனோ இன்னும் துக்கமாக இருந்தது. முதல் பகுதியில் எங்கள் அணி ஒரு கோல் போட்டது. இரண்டாம் பகுதியில் எதிரணி ஒன்று. மூன்றாம் பகுதிக்கு வந்தபோது எங்கள் பின்வரிசைப் பெண்களின் கால் கனத்துவிட்டது கண்ணுக்குத் தெரிந்தது. ஒருத்தி குறைவு. மிச்சப் பேர் அவளுடைய நேரத்தையும் சேர்த்து ஓடவேண்டியிருந்தது. பெஞ்சுக்கு வந்தால் மூச்சு எடுக்குமுன் திரும்பவும் இறங்கினார்கள். மகள் பெஞ்சின் பின்னால் அணி உடுப்போடும் தொப்பியோடும் நின்று தண்ணீர்ப் போத்தல்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டிருந்தாள்.

நெட்டைப் பெண் இடது பக்கத்தால் வந்தாள். மகள் சொன்ன அதே பெண்தான். எங்கள் ஆள் ஒருத்தி குறுக்கே போனாள், அரை அடி பிந்திவிட்டாள். பக் கோல்காப்பாளரின் காலுக்குக் கீழால் போனது.

கடைசி நிமிடங்களில் எங்கள் கோல்காப்பாளரை வெளியே எடுத்துவிட்டு இன்னொரு தாக்குகிறவளை இறக்கினார்கள். வெறுங்கோலை வைத்துக்கொண்டு எல்லோரும் முன்னால் பாய்ந்தார்கள். மனைவி என் புறங்கையில் நகத்தை ஊன்றியிருந்தாள். ஒரு அடி கோல் கம்பத்தில் பட்டு மணியைப்போல ஒலித்தது. வாளி நின்றது. பக் திரும்பி மூலைக்குள் உருண்டது. அவ்வளவுதான், நேரம் முடிந்தது.

எங்கள் பெண்கள் ஐசில் இருந்த இடத்திலேயே குந்திவிட்டார்கள். மகள் சப்பாத்தோடு ஐசுக்குள் இறங்கி, வழுக்கி வழுக்கிப் போய், அந்த நெட்டைப் பெண்ணை மறிக்கப் பிந்தியவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

வெளி மண்டபத்தில் அவள் வந்தபோது எல்லோரும் வழிவிட்டார்கள். என்னைத் தாண்டி, நான் ஒரு தூண் என்பதுபோலத் தாண்டி, தாயிடம் போனாள்.

"அம்மா, எனக்குச் சத்தி வருது."

மனைவி அவளைத் தோளோடு அணைத்துக் கழிவறைக்குக் கொண்டுபோனாள். டொக்டர் சொன்னபடி நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். மகள் பின் ஆசனத்தில் தாயின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். நான் ஓட்டினேன். கார் எந்தக் குழியிலும் விழாமல் ஓட்டுவது ஒன்றுதான் எனக்கு அப்போது தெரிந்த வேலை.

மூளையில் இரத்தக்கசிவு இல்லை என்று படம் பிடித்துச் சொன்னார்கள். யெர்னரூஸ்டெல்ஸ, மூளை அதிர்வு. ஓய்வு, வெளிச்சமில்லாத அறை, தொலைபேசியும் கணினியும் வேண்டாம். இன்னொரு அடி பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மனைவி கேட்டாள். அந்த இளம் டொக்டர், "படவில்லைத்தானே" என்று மட்டும் சொன்னார்.

மகள் வீட்டுக்கு வந்தாள். வரமாட்டேன் என்று சொன்னவளுக்குப் போவதற்கு வேறு இடமும் இல்லை, எழும்பி நிற்கத் தெம்பும் இல்லை. ஆனால் என்னோடு பேசவில்லை. நான் வேலையால் வந்து சூப்பும் புட்டும் கொண்டுபோய் மேசையில் வைப்பேன். இருட்டுக்குள் 'தக்' என்று டெனிஷில் நன்றி சொல்வாள், சாப்பாட்டுக் கோப்பைக்குச் சொல்வதுபோல. கிழமைகள் அப்படியே போயின. அணியின் பொறுப்பாளர் இடைக்கிடை அழைத்துச் சுகம் விசாரித்தார். கூட ஆடியவர்கள் பூங்கொத்து அனுப்பியிருந்தார்கள். அவளில் யாருக்கும் கோபம் இல்லை என்று தெரிந்தது. அவளுக்கு என்மேல் இருந்தது.

ஒருநாள் பின்னேரம் நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மனைவி வேலையில். மகள் வந்து கதவுநிலையில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

"அந்த ரெண்டாவது கோல்," என்றாள், "அது என்ரை பக்கம். நான் நிண்டிருந்தா மறிச்சிருப்பன்."

"ஓம். மறிச்சிருப்பாய்."

அவள் வாக்குவாதத்துக்குத் தயாராக வந்திருந்தாள் போல. நான் ஒத்துக்கொண்டதும் கதவுநிலையை விட்டு உள்ளே வந்தாள். பிறகு கதிரையை இழுத்து இருந்தாள்.

"அப்பா, அதுக்கு முதல் மாச்சிலை நாங்கள் ஒரு கோல் போட்டமே. நான் விழுந்தாப்போலை."

"ஓம்."

"அது எனக்கு ஞாபகமில்லை. வீடியோவிலை பாத்தனான். நான் எல்லாரையும் கட்டிப்பிடிக்கிறன். அது நான் மாதிரியே இல்லை." வெங்காயத் தோலை எடுத்து விரலில் சுற்றினாள். "அண்டைக்கு ஹோட்டலிலையே எனக்குத் தெரியும், அது ஞாபகமில்லை எண்டு. அதாலைதான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொன்னா அது உண்மையாயிடும் எண்டு பயந்தனான்."

நான் கத்தியை வைத்துவிட்டேன்.

"உங்களுக்கு எழுதினது பொய்."

"தெரியும் பிள்ளை."

"எனக்கு இன்னும் உங்களிலை கோவம்தான்."

"இருக்கட்டும்."

"கோவமும் இருக்கு. நீங்கள் சொன்னது நல்லம் எண்டும் இருக்கு. ரெண்டும் இருக்கு. இப்பிடி ரெண்டும் இருக்கேலுமோ?"

"ஏலும்" என்றேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அந்தப் பெண்கள் ஐசில் குந்தியிருந்த காட்சி என்னை விட்டுப் போகவில்லை. அவர்களில் ஒருத்திக்கு அதுதான் கடைசி வருடம், அடுத்த வருடம் ஆடமாட்டாள் என்று பிறகு அறிந்தேன். அதைப் பற்றி நான் மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

அவள் இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டு வந்து வெங்காயம் உரித்தாள். இரண்டு பேருக்கும் கண்ணால் நீர் ஓடியது, யாரும் காரணம் சொல்லவேண்டியிருக்கவில்லை.

இலையுதிர் காலம் வருமுன் டொக்டர் அவளை ஐசில் இறங்க விட்டார். முதல் நாட்களில் பலகைக்குக் கிட்டப் போகும்போது அவள் கால் தானாகத் தயங்குவதைக் கண்டேன். அந்தத் தயக்கம் போக மாதங்கள் எடுத்தன. வசந்தத்தில் அணித் தெரிவு நடந்தது, சேர்த்துக்கொண்டார்கள். இந்த முறையும் அதே பிரிவுதான், போட்டி வேறொரு நாட்டில். நாங்கள் போகவில்லை. அவள் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு லீவு கிடைக்கவில்லை, அவ்வளவுதான். முதல் ஆட்டத்தை மனைவியும் நானும் கணினியில் பார்த்தோம். படம் விட்டுவிட்டு வந்தது, பக்கும் தெரியவில்லை, மகளும் சரியாகத் தெரியவில்லை. வென்றார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

ஆட்டம் முடிந்து கொஞ்சநேரத்தில் தொலைபேசி அடித்தது. பின்னால் பெண்கள் பாடுகிற சத்தம் பெரிதாகக் கேட்டது. அதற்கு மேலால் அவள் கத்தினாள்:

"அப்பா! தலை ஒரு இடத்திலையும் அடிபடேல்லை. நீங்கள் கேக்க முதல் சொல்லுறன். இனி மாச்சைப் பற்றிக் கேளுங்கோ!"